மாமியார் மறந்துவிட்டார், எனக்கு மறக்கவில்லை: தியானத்தில் எழும் கோபத்தை என்ன செய்வது?

கேள்வி: மலர்_தஞ்சை

வணக்கம். தியானத்திலும் வழிபாட்டிலும் நீண்ட பழக்கம் உள்ளவர்கள் இங்கே எழுதுவதை வெகு காலமாகப் படித்து வருகிறேன். என் கேள்வி வீட்டு விஷயமாகத் தோன்றலாம். ஆனாலும் அதை ஆன்மிகப் பயிற்சி பற்றிய கேள்வியாகவே கேட்கிறேன்.

என் மாமியாருக்கு மறதி நோய். அல்சைமர் வகை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரைக் குளிப்பாட்டுவது, அவருக்கு ஊட்டுவது, இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றன. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் நோயில் விழும் வரை, என் பிறந்த வீட்டையும் என் நிறத்தையும் நான் கொண்டுவந்த நகையையும் சொல்லிச் சொல்லி என்னைப் புண்படுத்தியவர் அவர். அப்போது நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொன்னதில்லை. இப்போது அவருக்கு அவற்றில் எதுவும் நினைவில் இல்லை. பல நாட்களில் என் பெயரே நினைவில் இல்லை. என்னைத் தம் தங்கை என்று எண்ணிக்கொண்டு கையைப் பற்றிக்கொள்கிறார். அந்த நேரத்தில்தான் எனக்குக் கோபம் மிகுதியாக வருகிறது. யாரிடம் கணக்குக் கேட்க வேண்டுமோ அவர் எழுந்து போய்விட்டார், அவருடைய உடம்பை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா வகுப்பை, அதாவது உடலுணர்ச்சிகளைக் கவனிக்கும் பௌத்தத் தியான வகுப்பை, முடித்தவள் நான். விடியற்காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் அமர்கிறேன். முன்பெல்லாம் மனம் சீக்கிரம் அடங்கும். இப்போது கண்ணை மூடினால் பழைய சொற்கள் அந்தக் குரலோடு அப்படியே கேட்கின்றன, தாடை இறுகிவிடுகிறது. குரலை உயர்த்துவதில்லை, கை ஓங்கியதில்லை. ஆனால் பாட்டிக்கு ஊட்டும்போது உன் முகம் கல்லாக இருக்கிறது அம்மா என்று என் மகள் சொல்கிறாள்.

எங்கள் தெருவில் சத்சங்கம் நடத்தும் பெரியவர் ஒருவர், தியானம் செய்பவருக்குக் கோபம் வருமானால் தியானத்தில்தான் ஏதோ கோளாறு என்கிறார். இன்னொருவர், இது முன்வினை, வாய் திறக்காமல் கழித்துவிடு என்கிறார். என் பயிற்சி தவறிவிட்டதா? கோபத்தைக் கவனிப்பதற்கும் அடக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை உள்ளே இருந்துகொண்டு எப்படி அறிவது? செய்ததே நினைவில்லாத ஒருவரை மன்னிப்பது என்றால் என்ன?


பதில்: அமைதிவழி

சகோதரிக்கு வணக்கம். நானும் அதே மரபில் பயிற்சி செய்பவன், ஆசிரியன் அல்லன். ஆகவே ஒரு சக பயிற்சியாளனின் கருத்தாக இதைக் கொள்ளுங்கள்.

உங்கள் தெருப் பெரியவரின் தீர்ப்பை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். கவனப் பயிற்சி பற்றிய பௌத்த உரையான சதிபட்டான சுத்தத்தில், மனத்தைக் கவனிப்பது பற்றிய பகுதியில், சினமுள்ள மனத்தைச் சினமுள்ள மனம் என்றும் சினமற்ற மனத்தைச் சினமற்ற மனம் என்றும் பயிற்சியாளர் அறிகிறார் என்றே புத்தர் சொல்கிறார். மூச்சு எப்படிக் கவனிக்க வேண்டிய பொருளோ அப்படியே சினமுள்ள மனமும் அங்கே ஒரு பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. அதே உரையில் ஐந்து தடைகளுள் ஒன்றாகப் பகைமையும் வருகிறது. ஒவ்வொரு தடையைக் குறித்தும், அது இருக்கும்போது இருக்கிறது என்றும், இல்லாதபோது இல்லை என்றும் அறிந்து, பிறகு அது எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு நீங்குகிறது, நீங்கியது மறுபடி தோன்றாமலிருக்க என்ன வழி என்று படிப்படியாகத் தெரிந்துகொள்ளும்படி அந்த உரை சொல்கிறது. பெரியவரோ முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதில் இருந்து தொடங்கச் சொல்கிறார்.

கோபம் கூடியிருக்கிறதா, அல்லது முன்பே இருந்தது இப்போது தெரிகிறதா என்பதற்கு வெளியில் இருந்து யாரும் விடை சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். பல ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தவர் தம் உடம்பின் உணர்ச்சிகளைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டால், அங்கே முதலில் தென்படுவது மூடிய வாயின் இறுக்கமாகத்தான் இருக்கும். தாடை இறுகுவதை நீங்கள் குறிப்பிட்டு எழுதியிருப்பதே பயிற்சி நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்று எனக்குப் படுகிறது. இரவுத் தூக்கம் கெட்டவருக்குக் கோபம் உண்மையிலேயே கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குத் தியானத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

கவனிப்பதையும் அடக்குவதையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை எளியது. கவனித்தால் போய்விடும் என்ற ஒப்பந்தத்தோடு நான் கோபத்தைப் பார்க்கிறேனா என்று கேட்டுக்கொள்வேன். அப்படியானால் அது அடக்குவதன் நாகரிகமான வடிவம்தான். நெஞ்சின் சூட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அது தணிந்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மாறாக, இது இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பார்க்கும்போது, அந்தச் சூடு ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதும், ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மந்தமாகவும் இருப்பதும், பழைய சொல் ஒன்று நினைவுக்கு வந்த மறுகணம் மட்டும் மேலெழுவதும் தெரியவரும். சொல் வேறு, சூடு வேறு என்று பிரிந்து தெரிவதுதான் இதில் கிடைக்கும் முதல் பலன். கோயங்கா மரபில் சமநிலை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் இந்த விட்டுவிட்ட பார்வையைத்தான். கல்லாகிப்போன முகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோபம் என்று மனத்துக்குள் பெயர் சொல்லுவதும் உதவும். இது பர்மியத் துறவி மகாசி சயாதோவின் மரபில் வழக்கமான முறை. நம் வகுப்பில் கற்பிப்பதில்லை. ஆனாலும் இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முகப்படங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்டபோது, அச்சத்தோடும் கொந்தளிப்போடும் தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது காணப்பட்டது. அடுக்களையில் நின்றுகொண்டும் செய்யக்கூடிய பயிற்சி இது.

இன்னொன்று. புத்தரின் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது உரையில், தீய எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளைப் புத்தர் வரிசைப்படுத்துகிறார்: வேறொரு நல்ல பொருளில் மனத்தை வைப்பது, அந்த எண்ணத்தின் கேட்டை எண்ணிப் பார்ப்பது, அதைப் பொருட்படுத்தாமல் விடுவது, அது உருவாகும் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பது, இவை எதுவும் பலிக்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு மனத்தால் மனத்தை நசுக்குவது. அடக்குவதற்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் கடைசி இடம். கை ஓங்கும் நிலை வந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நாள் முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தால் தாடைதான் வலிக்கும்.


பதில்: குறள்_நேசன்

முன்னவர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெகுளாமை அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்களை இந்தச் சகோதரியின் வீட்டில் வைத்துப் படித்தால் அவை புதிதாகத் தெரிகின்றன.

"செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்" என்பது முதல் குறள். "செல்லா இடத்துச் சினந்தீது செல்லிடத்தும்
இல்லதனின் தீய பிற" என்பது அடுத்தது. தன் கோபம் பலிக்காத இடத்தில் அதைக் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன; பலிக்கும் இடத்தில் காப்பவரே காப்பவர் என்கிறார் வள்ளுவர். அன்று மருமகளாகத் தாங்கள் வாய் திறக்காதது செல்லா இடத்து அடக்கம். அதில் அச்சம் இருந்தது, வேறு வழியில்லாமையும் இருந்தது. இன்று அதே வீட்டில் அதே இருவர். ஆனால் தங்கள் கோபம் செல்லும் இடமாக மாமியார் மாறிவிட்டார். சோறு தருவதும் தராமல் இருப்பதும் தங்கள் கையில் இருக்கிறது. ஆகவே தாங்கள் வாழ்நாளில் முதன்முறையாக இப்போதுதான் உண்மையாகச் சினம் காக்கிறீர்கள் என்பேன். முன்பு எளிதாக இருந்தது இப்போது ஏன் கடினமாக இருக்கிறது என்று தாங்கள் வியப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.


பதில்: அண்ணாமலை_அன்பன்

சுருக்கமாகச் சொல்கிறேன். பகவான் ரமணர் காட்டிய வழியில் கோபத்தோடு போராட வேண்டியதில்லை, அதை ஆராயவும் வேண்டியதில்லை. எத்தனை எண்ணங்கள் எழுந்தாலும் ஒவ்வொன்றும் எழும்போதே இது யாருக்கு உண்டாயிற்று என்று கேட்டால், எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று உள்ளே திரும்பினால் எண்ணம் தானே அடங்கும். புண்பட்ட மருமகள் என்பதும் ஓர் எண்ணமே. அந்த எண்ணத்துக்கு உரியவர் யார் என்று பாருங்கள். மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை என்பது அப்போது விளங்கும்.


பதில்: ஓதுவார்_மகன்

அம்மா, வணக்கம். அண்ணாமலை அன்பரின் வழியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குளிப்பாட்டிய ஈரக் கையோடு நிற்பவரிடம் மாமியாரும் இல்லை மருமகளும் இல்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. நான் யார் என்ற விசாரணை முதிர்ந்தவருக்கு அது மருந்து. முதிராதவருக்கு, தன் வலியைத் தானே பொய் என்று சொல்லிக்கொள்ளும் வழியாக அது மாறிவிடக்கூடும். அந்தச் சுடுசொற்களைச் சொன்ன வாயும் ஒருவகையில் அதையேதான் சொன்னது: உன் வலி ஒரு பொருட்டல்ல என்று.

எங்கள் சைவ மரபில் வேறொரு வழி இருக்கிறது. அங்கே கோபம் அடக்கப்படுவதும் இல்லை, கவனித்து ஆற விடப்படுவதும் இல்லை. கேட்க வேண்டியவரின் முன்னால் கொண்டுபோய் வைக்கப்படுகிறது. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று சூளுரைத்தார். பிறகு திருவாரூர் நினைவு மேலிட்டு ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் பார்வை இழந்தன. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றொரு கண்ணைத் தராமல் இறைவன் இழுத்தடித்தபோது, திருவாரூரில் நின்று அவர் பாடியது ஏழாம் திருமுறையின் 95ஆவது பதிகம். அதன் முதல் பாட்டைத் தாங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்:

"மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தான் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே"

மூளாமல் உள்ளேயே கனலும் தீ, அதனால் வாடும் முகம். தங்கள் மகள் பார்த்த முகம் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த பாட்டில் சுந்தரர் இன்னும் போகிறார்: "குற்றம் ஒன்றும் செய்த தில்லை கொத்தை ஆக்கினீர்", "நீரே பழிப்பட்டீர்" என்கிறார். சூளுறவை மீறியவர் அவர். அதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனாலும் குற்றமே செய்யாதவனைக் குருடாக்கினீர், பழி உமக்குத்தான் என்று இறைவன் முகத்துக்கு நேரே சொல்லுகிறார் தம்பிரான் தோழர். நியாயமற்ற கோபம் என்று சொல்லி நம் முன்னோர் அந்த வரியைத் திருமுறையிலிருந்து நீக்கிவிடவில்லை. பதினோராம் பாட்டிலும் அவர் சமாதானம் அடைவதில்லை. நீர் நன்றாக வாழ்ந்து போம் என்ற அதே ஏச்சோடுதான் பதிகம் முடிகிறது.

ஆகவே, மாமியாரிடம் சொல்ல முடியாததை இறைவனிடம் சொல்லுங்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; அழகாகச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. இவளை மறக்கவைத்து என்னை மட்டும் ஏன் நினைவோடு வைத்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உரிய இடம் அதுதான். மறதி நோயில் இருக்கும் கிழவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் தங்கள் முகம் கல்லாகிறது.


பதில்: ஓய்வு_செவிலி

நான் முதியோர் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். இங்கே எழுதியிருக்கும் ஐயாமார் எல்லோரும் பெரிய விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்கள். நான் சின்னதாக ஒன்றைக் கேட்கிறேன். அம்மா, உங்கள் கேள்வியில் உங்கள் மகள் வருகிறாள், தெருப் பெரியவர்கள் இருவர் வருகிறார்கள், உங்கள் கணவர் ஓரிடத்திலும் வரவில்லை. அவருடைய தாய்தானே இவர்? அவருக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? இரவில் கதவைப் பார்த்துக்கொள்வது ஏன் உங்கள் ஒருவரின் வேலையாக இருக்கிறது?

கோபத்தில் பாதி பழைய கணக்காக இருக்கலாம். மறுபாதி இன்றைய கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய கணக்குக்குத் தியானம் தீர்வு ஆகாது. அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட், தாமே பௌத்தத் தியானம் செய்தவர், 1980களில் இதைச் சுட்டிக்காட்டினார்: வாழ்க்கையில் முகம்கொடுக்க வேண்டிய புண்களையும் சிக்கல்களையும் சுற்றிக்கொண்டு போவதற்கு ஆன்மிகக் கருத்துகளையே மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்றார். முன்வினை, வாய் திறக்காமல் கழித்துவிடு என்று உங்களிடம் சொன்னவர் அதைத்தான் செய்யச் சொல்கிறார். கவனித்துப் பாருங்கள், அந்த அறிவுரை உங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் சொல்லப்பட்டிருக்காது.

ஓதுவார் மகன் ஐயா சொன்னதில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் அடங்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரையே நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிடக் கூடுதலான கோபத்தோடு இருந்தார்கள். சுந்தரர் பதிகம் வேறு விதம் என்பதை ஏற்கிறேன். அதற்கு யாப்பு இருக்கிறது, கேட்பவர் ஒருவர் இருக்கிறார், ஒரு முடிவு இருக்கிறது. ஆனால் பூசை அறையில் நின்று மாமியாரின் சொற்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு கொதிப்பது குத்துப் பை வேலைதான். சாமியைத் திட்டுங்கள், மாமியாரை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு திட்டாதீர்கள்.

நோய் பற்றியும் சில வார்த்தைகள். நேற்று நடந்ததை இழந்தவருக்கும் எதிரே இருப்பவரின் முகமும் குரலும் தரும் உணர்வு வெகுநேரம் தங்கும். காரணம் நினைவிருக்காது, கலக்கம் மட்டும் இருக்கும். அந்தக் கலக்கத்தில் இரவு இன்னும் மோசமாகும். உங்களைத் தங்கை என்று அவர் நினைத்தால் திருத்த வேண்டாம். திருத்துவதால் அவருக்கு எதுவும் திரும்பி வராது. மாலையில் அமைதியின்மை கூடுவது இந்த நோயில் வழக்கம். அதை உங்களுக்கு எதிரான பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டும்போது முகம் இறுகினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய் வாருங்கள், அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்றால் சோறு சற்று ஆறினால் பரவாயில்லை.

தூக்கம் இல்லாமல் நாட்கள் போனாலோ, வாழ வேண்டாம் என்றோ அவரை ஏதாவது செய்துவிடலாம் என்றோ எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அதைத் தியானத்தில் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்படிப் பேசுவதால் பயிற்சி குறைந்துவிடாது.


மலர்_தஞ்சை

எல்லோருக்கும் நன்றி. செவிலி அம்மாவின் கேள்வியைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகுதான் எரிச்சலின் காரணம் புரிந்தது. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் வருகிறார், வந்தால் தாயின் பக்கத்தில் அமர்ந்து அழுகிறார். நாத்தனார்கள் இருவர் உண்டு. இருவரும் தொலைபேசியில் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். நான் பொறுமைசாலி என்று குடும்பம் முழுவதும் பெயர். தியானம் செய்கிறவள் என்பதால் இன்னும் கூடுதல் பொறுமை எனக்கு உண்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

குறள் நேசன் ஐயா எழுதியது ஆறுதலாக இருந்தது. அதே நேரத்தில் அச்சமாகவும் இருந்தது. சோறு என் கையில் இருக்கிறது என்பதை நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். கோபம் போன பிறகு குற்ற உணர்வு வருகிறது; நோயாளியின் மேல் இப்படி நினைக்கிறாயே என்று இரவெல்லாம் அது அரிக்கிறது. அது நல்லதுதானா? மேலும் வகுப்பின் கடைசி நாளில் சொல்லிக்கொடுத்த மைத்திரியை, அதாவது பிறர் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் பயிற்சியை, மாமியாரை நினைத்துச் செய்ய முயன்றால் சொற்கள் வாயில் பொய்யாக உருள்கின்றன. மறுபடி ஒரு பத்து நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தால் சரியாகுமா?


பதில்: அமைதிவழி

செவிலி அம்மாவின் பதில் என்னுடையதைவிடத் தேவையானது. நான் கோபத்தைப் பற்றி எழுதினேன், அவர் கோபம் எதைச் சொல்கிறது என்று கேட்டார். தங்கள் கோபத்தில் நாத்தனார்களிடமும் கணவரிடமும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைக் கவனித்துக் கரைத்துவிட வேண்டாம். தெளிவான வாக்கியமாக்கி அவர்களிடம் சொல்லுங்கள். மாதத்தில் இத்தனை நாள் நீங்கள் வந்து இருக்க வேண்டும், இரவுக்கு ஆள் வைக்க இவ்வளவு பணம் தர வேண்டும் என்று சொல்ல சமநிலை தடையில்லை. சமநிலை இருந்தால் அதைக் குரல் நடுங்காமல் சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகும் மாமியாரின் மேல் எஞ்சுவது எதுவோ அதுவே பயிற்சிக்கு உரியது. அது தாங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.

குற்ற உணர்வைப் பற்றி: நான் முன்பு சொன்ன ஐந்து தடைகளின் பட்டியலில் பகைமைக்குப் பின்னால் நான்காவதாக வருவது மனக் கொதிப்பும் கழிவிரக்கமும். செய்ததையும் செய்யாததையும் எண்ணி இரவில் அரிக்கும் நிலைதான் அது. அதைப் புண்ணியமாக அந்த மரபு கருதுவதில்லை. கோபத்தைப் போலவே அதுவும் மனத்தை மறைக்கும் ஒன்று. தாங்கள் குரல் உயர்த்தவில்லை, கை ஓங்கவில்லை. எழுந்த எண்ணத்துக்காகத் தண்டனை விதிக்க வேண்டியதில்லை. முகம் இறுகியது உண்மையானால், அடுத்த வேளை ஊட்டும்போது முகத்தைத் தளர்த்துவதே அதற்குரிய பரிகாரம்; இரவு விழித்திருப்பதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை, தங்களுக்கு மறுநாள் கோபம் கூடும்.

மைத்திரி பொய்யாக உருள்வதற்குக் காரணம், தாங்கள் வரிசையைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், மைத்திரியை முதலில் தன்னிடமும், பிறகு மதிப்புக்குரிய அன்பானவரிடமும், பிறகு வேண்டியவரோ வேண்டாதவரோ அல்லாத ஒருவரிடமும் வளர்த்துவிட்டுக் கடைசியாகத்தான் பகையானவரிடம் செலுத்தச் சொல்கிறார். பகையானவரை நினைத்ததும் வெறுப்பு எழுந்தால் பின்வாங்கி முந்தைய படிக்குத் திரும்பச் சொல்கிறார். அதிலும் தீராவிட்டால் பல மாற்று வழிகளைத் தருகிறார். அவற்றில் ஒன்று தங்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். யார் மேல் கோபப்படுகிறாய், அவருடைய தலைமயிரின் மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா என்று உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்கச் சொல்கிறார். தாங்கள் நாள்தோறும் அந்தத் தலைமயிரைச் சீவுகிறீர்கள், அந்த நகத்தை வெட்டுகிறீர்கள். சுடுசொல் சொன்னது இவற்றுள் எது என்று அந்த வேலையின் நடுவிலேயே கேட்டுப் பார்க்கலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கடைசி வழியாக அவர் சொல்வது கொடுத்தலும் பெறுதலும்: தன்னுடையதை அவருக்குக் கொடுத்து, அவருடையதைத் தான் ஏற்பது. கொடுப்பதைத் தாங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். தங்கை என்று அவர் கையைப் பற்றும்போது, அவர் தருவதை ஏற்றுக்கொள்ள முடிகிற நாளில் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாத நாளில் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாலும் தவறில்லை.

இதுவே மன்னிப்பா என்று கேட்டால், நான் அந்தச் சொல்லை இப்போதைக்குத் தள்ளி வைப்பேன். நடந்தது தவறு என்பதை மாற்றாமலேயே அவருக்குத் தீங்கு நினைக்காமல் இருக்க முடியும். அதற்கு அவருடைய நினைவு தேவையில்லை, அவருடைய ஒப்புதலும் தேவையில்லை. அதற்கு மேல் ஏதாவது நிகழ்ந்தால் அது தானாக நிகழட்டும்.

பத்து நாள் வகுப்பு இப்போது வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பத்து நாள் மௌனத்தில் பழைய குரல் இன்னும் உரக்கக் கேட்கும். திரும்பி வரும் வீடு அதே வீடாக இருக்கும். தங்களுக்குப் பதிலாக அங்கே இருக்க யாரும் இன்னும் ஏற்பாடாகவில்லை. காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்ற மரபின் அளவையும் இந்த நிலைமையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கண்ணை மூடியதும் காட்சிகள் பெருகினால் கண்ணைத் திறந்தே அமருங்கள், அல்லது முற்றத்தில் மெதுவாக நடந்துகொண்டு பாதத்தின் தொடுகையைக் கவனியுங்கள். கொந்தளிப்பு மிகுந்தால் உடலுணர்ச்சிகளைத் துழாவுவதை நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்பும்படி வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அதுவும் முடியாத நாளில் தூங்குங்கள். இந்த வாரக் கடைசியில் கணவர் வரும்போது இரண்டு இரவுகளும் அவருடைய தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, தாங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள்.


பதில்: ஓய்வு_செவிலி

வெளிக்கதவின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் படுப்பதற்கு முன் உங்கள் கணவருக்குக் காட்டிவிடுங்கள். நாத்தனார்களிடம் பேசும்போது எந்தத் தேதியில் யார் வருவார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.